அரைக்கட்டை கீழே

மேலப்பாளையத்தில், டயர்க்கடை மாடியில்,
முட்டை அட்டை ஒட்டிய என் அறைக்கு
முப்பிடாதி இந்தத் தடவை தனியாக வந்தாள்.
கீபோர்டுக்காரன் இல்லை,
ரிதம் பேட் தூக்கும் தம்பி இல்லை.
ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டு
"அரைக்கட்டை கீழ போவோம் அசனண்ணே" என்றாள்.

முதல் ஆல்பத்தில் அவள் குரலுக்கு வயது பத்தொன்பது.
எட்டுப் பாட்டு. எட்டிலும் ஓட்டம்.
ஆலங்குளத்திலிருந்து சுரண்டை மார்க்கெட் வரை
மினிபஸ்காரர்கள் தேயத் தேயப் போட்டார்கள்.
கொடைக்கு அவள், காதுகுத்துக்கு அவள்,
கட்சிக்காரர் பிறந்தநாளுக்கும் அவள்.
இரண்டாவது ஆல்பம் முதலாவதின் ஜெராக்ஸ்;
மாமன் மட்டும் வேறு சட்டை போட்டிருந்தான்.

இரண்டுக்கும் நான்தான் மிக்ஸிங்.
மேல்ஸ்தாயியில் குரல் உதறும் இடத்தையெல்லாம்
இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன்.
மூச்சு வாங்கும் சத்தத்தை
ஒன்று விடாமல் வெட்டி எறிந்தேன்.
ஒரு மனுஷி பதினாறு பாட்டு
மூச்சே விடாமல் பாடியிருக்கிறாளே என்று
ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்புறம் அஞ்சு வருஷம்.
தொண்டை போய்விட்டது என்றார்கள்.
போகவில்லை. எனக்கு முன்னால் மீட்டர் இருக்கிறது:
அவளால் மேலே போக முடிகிறது,
வாசல் வரை போய் நின்றுவிட்டு
திரும்பி வருகிறாள்.

தாளத்துக்குக் கொண்டுவந்தது
முக்கூடலில் வாங்கிய, பீடி இலை வெட்டும் கத்தரி.
ஒரு பாட்டு, செவ்வாய்க்கிழமைக் குழுத்தவணைக்கு
வட்டமாக உட்கார்ந்து
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காத பெண்களைப் பற்றி.
ஒரு பாட்டு, பணகுடிக் காற்றாலை வாட்ச்மேன் பெண்டாட்டிக்கு.
ஒன்று அவளைப் பற்றியேதான்:
"கைதட்டுன சத்தம் காரு வரைக்கும் வந்துச்சு
கதவச் சாத்துனேன், நின்னு போச்சு."
இதற்கு மேல் அந்தப் பாட்டில் சரணம் கிடையாது.
"இன்னும் நாலு வரி எழுதேம்மா" என்றேன்.
"கதவச் சாத்தியாச்சுல்லா" என்றாள்.

ஆறாவது பாட்டில், பாதி வரியில்,
கீழே டயர்க்கடைக் கம்ப்ரெஸர் உறுமத் தொடங்கியது.
பதினொரு வருஷமாக அது கிளம்பினால்
நான் கையை உயர்த்துவேன்,
எல்லோரும் வாயை மூடிக்கொண்டு
அது அடங்கக் காத்திருப்போம்.
அன்றும் உயர்த்தினேன்.
அவள் நிறுத்தவில்லை.
அந்த உறுமலிலேயே சுருதி பிடித்து
வரியை அதன் மேல் இறக்கி வைத்தாள்;
பிசிறில்லாமல் உட்கார்ந்தது.
அப்போதுதான் எனக்கு உறைத்தது
எதற்கு அரைக்கட்டை என்று.
காத்திருந்த நேரமெல்லாம்
அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மூச்ச வெட்டிராத, என்ன" என்று மட்டும்
படி இறங்கும்போது சொன்னாள்.

ஆடியில் களக்காட்டுப் பக்கம் ஒரு கொடை.
மிக்ஸரில் நான்.
புதுசை எடுத்தாள். பாதி ஜனம்
எழுந்து சுக்குக்காப்பிக்குப் போனது.
முன்வரிசையில் பிள்ளையை மடியில் போட்டிருந்த ஒருத்தி
தவணைப் பாட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.
"பழசப் போடு தாயி, துட்டு அதுக்குத்தானே"
என்றார் கமிட்டிக்காரர், மைக்கிலேயே.
அவள் சிரித்தாள். போட்டாள்.
அதே ஓட்டம், பழைய கட்டை, பழைய மாமன்.
மனசில்லாமல் பாடினாள் என்று சொன்னால் அது பொய்.
மேலே போய்க் குரல் உதறியது.
இஸ்திரிக்கு அங்கே ஆளில்லை.
விசில் பறந்தது.

நேற்று ராத்திரி பழைய ஹார்டுடிஸ்கைத் தோண்டினேன்.
வெட்டியது எதுவும் மிச்சமில்லை,
ஒன்றே ஒன்றைத் தவிர:
முதல் ஆல்பம், மூன்றாவது பாட்டு, தொடங்குவதற்கு முன்.
பத்தொன்பது வயசு நெஞ்சு நிறையக்
காற்றை இழுக்கிறது.
பின்னால் யாரோ,
நானாகத்தான் இருக்கும்,
"டீ வந்துட்டு, குடிச்சிட்டுப் பாடுவோம்" என்கிறேன்.
இழுத்த மூச்சை என்ன செய்தாள் என்று தெரியவில்லை.
அதோடு முடிகிறது ஃபைல்.