கூரை, கூரை, பள்ளம், கூரை

கெமியில் பனிச்சறுக்கு விடுமுறை.
ஆனால் குளிர் மைனஸ் முப்பத்தொன்று,
பிள்ளையை வெளியே விட முடியாது.
அதனால் மேசைமேல் பழைய செய்தித்தாள்,
பாதியாய் நறுக்கிய உருளைக்கிழங்குகள்,
பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டு,
அதில் ஊற்றிய நீலம்.

ஒயின் பாட்டில் தக்கை நிலாவாயிற்று.
தீப்பெட்டியில் சுற்றிய நூல் மழையாயிற்று.
கோஸ் தண்டை அழுத்தினால் ரோஜா
என்று நான் பெருமையடித்தது மட்டும்
கலைமான் மிதித்த சேறாக வந்தது.

ஆவாவுக்குத் தன் பெயர்தான் வேண்டும்.
நாக்கைக் கடித்தபடி
கரண்டிக் காம்பால் குடைந்தாள்:
கூரை, கூரை, பள்ளம், கூரை.
எங்கள் எழுத்தில் அவள் அவ்வளவுதான்.
திருப்பி வெட்டணும் என்று
சொல்ல மறந்துவிட்டேன்.

காகிதத்தில் விழுந்தது
கூரை, பள்ளம், கூரை, கூரை.
அவா.
எங்கள் மொழியில் அதற்குத்
'திற' என்று பொருள்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன்.
பால் அட்டைப்பெட்டியில் குத்தினாள்: திற.
மின்கட்டண உறையில்: திற.
ஃபிரிட்ஜில். என் நெற்றியில்.
பிறகு, வெள்ளிக்கிழமையிலிருந்து
சாத்தியே கிடக்கும் சைமியின் கதவுக்கு அடியில்
ஈரம் காயாத தாள் ஒன்றைத் தள்ளினாள்.
தாள் போயிற்று.
அக்கா உள்ளிருந்து இழுத்தாள் என்று
ஆவா சத்தியம் செய்கிறாள்.
வேறொன்றும் நடக்கவில்லை.

இரவு, மிச்சக் கிழங்கை வேகப்போட வந்தேன்.
ஒன்று குறைந்தது.
பால் பெட்டியில், 'திற'வுக்குக் கீழே,
அதே நீலத்தில், 'நாளைக்கு'.
ஓர் எழுத்தும் புரளவில்லை.
திருப்பி வெட்டியிருந்தாள்.