இடைவெளி இல்லாமல்

பாகம் பிரித்த அன்று
தறி எட்டு எட்டு.
கூடத்தின் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர், இன்னும் பூசவில்லை.
கிணறு பொது. மோட்டார் அவர்களுக்கு.
படங்கள் இருந்த வன்தட்டை மட்டும்
வெட்ட முடியவில்லை.
என் கணவரின் அண்ணன் தணிகாசலம்
புதிதாக ஒன்று வாங்கி,
ராத்திரியெல்லாம் நகல் எடுத்து
மகன் கையில் கொடுத்தனுப்பினார்.
இரண்டு டெராபைட்.
ஏகாம்பரகுப்பத்தில்
பிரித்தும் குறையாத சொத்து
அது ஒன்றுதான்.

மடிக்கணினி எங்கள் பங்கு.
கீல் உடைந்தது, திரை சாயாமல் இருக்க
நூல்கண்டு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
டிவிக்குப் படம் அனுப்பும் வேலையை மட்டும்
ஒழுங்காகச் செய்யும்.
புதுத் தட்டைச் செருகினேன்.
நீல விளக்கு எரிந்தது.
டிவி சொன்னது:
‘இந்த நூலகம் காலியாக உள்ளது.’

முதலில் கேபிளைச் சந்தேகித்தேன்.
யாராக இருந்தாலும் அதைத்தான் சந்தேகிப்பார்கள்.
நகரிக்குப் போய் நூற்றிருபது ரூபாய்க்கு வேறு கேபிள்.
காலி.
பிறகு கரண்ட்.
அந்தப் பக்கம் எட்டுத் தறியும் சேர்ந்து ஓடத் தொடங்கினால்
இந்தப் பக்கம் டியூப்லைட் ஒரு தரம் கண் சிமிட்டும்,
பாவம் இந்தத் தட்டுக்கு எங்கே போதும் என்று
தனி அடாப்டர் வைத்த ஹப் வாங்கினேன்.
காலி.
அணைத்துப் போட்டேன். துளை மாற்றினேன்.
காதை வைத்துக் கேட்டேன்.
இழை அறாமல் ஓடும் தறிக்கு ஒரு சத்தம் உண்டு,
அதே சத்தம்.
தட்டில் கோளாறு இல்லை.

கறுப்புத் திரையைத் திறந்து
என்னென்ன செருகியிருக்கிறது என்று கேட்டேன்.
இருக்கிறதே, என்றது.
கணினிக்குத் தெரிகிறது,
படம் காட்டும் மென்பொருளுக்குத் தெரியவில்லை.
வாசலில் ஆள் நிற்பது தெருவுக்கெல்லாம் தெரிந்து
வீட்டுக்குத் தெரியாத மாதிரி.

பதினொன்றரை மணிக்குப் புரிந்தது.
ஒவ்வொரு தட்டுக்கும் நீளமாக ஓர் எண்.
‘இந்த எண் வந்தால் இந்த இடத்தில் ஏற்று’ என்று
ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்.
அது பழைய தட்டின் எண்.
சுவருக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருப்பதை
இந்தப் பக்கம் ஐந்து மாதமாகத்
தேடிக்கொண்டிருந்திருக்கிறது என் கணினி.
புதிதாக வந்ததை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல்
‘தணிகை’ என்ற பெயரிலிருந்த அறைக்குள் விட்டுவிட்டது.
அந்த அறைக்குள் மென்பொருளுக்கு அனுமதி இல்லை.

எண்ணை மாற்ற வேண்டும், ஒரே வரி.
கடவுச்சொல் கேட்டது.
அவருடையது.

ஆடியில் நின்ற பேச்சு. இது கார்த்திகை.
மறுநாள் டியூஷன் விட்டு வந்த பிரணீத்தைப் பிடித்து
அப்பாவிடம் கேட்டு வா என்றேன்.
பாவு பில்லின் பின்பக்கம் எழுதி அனுப்பியிருந்தார்:
‘பதினாறு தறி. இங்கிலீஷ் எழுத்தில்.
இடைவெளி இல்லாமல்.’

தறிக்கு ஓர் எச் உண்டா, இல்லையா?
பதினாறுக்கு?
மூன்றாவது முறையில் திறந்தது.

பழைய எண்ணை அழித்துப் புதியதை இட்டேன்.
வரியின் கடைசியில் அவர் வைத்த ஒரு சொல் மிச்சம் இருந்தது.
அர்த்தம் தேடிப் பார்த்தேன்:
தட்டு வராவிட்டாலும் காத்து நிற்காதே, எழுந்துகொள்.
அதை நான் தொடவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்
ஒவ்வொன்றாக முகம் காட்டின.
பிள்ளைகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு
ஏதோ கொரியப் பேய்ப் படத்தின் போஸ்டரைப் போட்டிருந்தது.
இருக்கட்டும்.
அதைத்தான் முதலில் ஓடவிட்டேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

சுவரில் இரண்டு தட்டு.
“வந்துச்சா?”

இந்த வீட்டில் சண்டை தமிழில்,
கணக்கு தெலுங்கில்.
“ஒச்சிந்தி பாவகாரு” என்றேன்.

அந்தப் பக்கம் தறி ஓடத் தொடங்கியது.
டியூப்லைட் ஒரு தரம் சிமிட்டியது.
படம் நிற்கவில்லை.