கரி குறையட்டுமாம்

வூச் நகரத்து வெப்பநிலையத்தில்
இருபத்தொரு வருஷமாகக் கொதிகலன் பார்க்கிறவன் நான்.
இரவுப் பணியில், அழுத்தமானியை ஒருமுறை பார்ப்பதற்கும்
மறுமுறை பார்ப்பதற்கும் நடுவே
ஒரு நாவல் எழுதுகிறேன்.

அதில் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று, ஜனவரி.
எங்கள் ஆட்கள் கம்பில் அரிவாளை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு
சாக வரவில்லை.
காட்டுக்குள்ளிருந்து ஆறுகால் இரும்பு ஊர்திகள் வருகின்றன
பனியை மிதித்து, மூட்டுக்கு மூட்டு ஆவி கக்கி.
ஜாரின் கோசாக்குகள் குதிரையைத் திருப்புகிறார்கள்.
வரைபடத்தில் காணாமல்போன தேசம்
மூன்று பேரரசுகளின் தையலைப் பிரித்துக்கொண்டு எழுகிறது.

பதிப்பாசிரியர் மல்வீனா எழுதினார்:
அருமை. பித்தளை இன்னும் வேண்டும்.
ஆகாயக் கப்பல் ஒன்றாவது.
கரி குறையட்டும்.

கரி குறையட்டுமாம்.
அம்மணி, பித்தளை தானாக நடக்காது.
ஓர் ஊர்திக்கு மணிக்கு ஒன்பது மூட்டை.
கணக்குப் போட்டேன், பழக்கதோஷம்.
அடுப்பின் வாய் ஒன்றரை முழம்;
வளர்ந்த ஆள் குனிய முடியாது.
ஆகவே பதினொன்றாம் அத்தியாயத்தில் ஒரு பையனை வைத்தேன்.
ஒனுஃப்ரி. வயது பன்னிரண்டு.
நெசவாலைக்கு இரண்டு விரல் கொடுத்தவன்,
மிச்சம் எட்டால் அள்ளுகிறான்.

முதல் வெற்றிக்கு அள்ளினான்.
இரண்டாம் வெற்றிக்கும்.
தளபதிகள் மேல்தட்டில் கோப்பை உயர்த்தினார்கள்;
அவன் இருமல் எஞ்சின் சத்தத்தில் போயிற்று.
சுதந்திர தேசத்தின் கரியும்
எச்சிலில் கறுப்பாகத்தான் வந்தது.

நேற்று மைனஸ் பதினேழு.
ஊர் முழுக்கக் குழாய் வழியாக என்னிடம் சூடு கேட்கிறது.
பத்தொன்பதாம் அத்தியாயம்.
விஸ்துலாக் கரை, கடைசிப் போர்.
பேனாவைத் திறந்தபோது
ஒனுஃப்ரி மண்வாரிக் காம்பில் தலை சாய்த்திருந்தான்.
எழுப்ப ஒரு வாக்கியம் போதும்:
மேஸ்திரியின் பூட்ஸ் காலால் ஓர் உதை.
எழுதினேன். அடித்தேன்.
திரும்ப எழுதினேன்.
அடித்தேன்.

முள் இறங்கியது.
ஏழு. நான்கு. ஒன்றரை.
ஊர்தி பனியில் முழங்கால் மடித்து உட்கார்ந்தது.
போன குதிரைகள் திரும்பி வந்தன.
சைபீரியாவுக்குப் போகவேண்டிய சங்கிலிகள்
சைபீரியாவுக்கே போயின,
பள்ளிப் புத்தகத்தில் படித்தபடி.

மல்வீனா தொலைபேசியில் கத்துவார்:
மாற்று வரலாறு என்றீரே, எங்கே ஐயா மாறியது?

மாறியது, முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
ஆறிக்கொண்டிருக்கும் கொதிகலனில் முதுகை ஒட்டி
ஒரு பையன் தூங்குகிறான்.
பக்கம் முழுக்க.
வேறு யாருக்கும் அதில் இடமில்லை.

ஆறாம் எண் விசில் அடிக்கிறது,
பார்த்துவிட்டு வருகிறேன்.