நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்

கடவைக் கம்பு இறங்குகிறது.
டிரான்ஸ்கோனாவில் இரவு பதினொன்று நாற்பது,
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
சரக்கு ரயில் வரும் அதிர்வு
டயர் வழியாக ஏறி முழங்காலுக்கு வருகிறது.

கை தானாகக் கைப்பைக்குள் போகிறது.
அங்கே ஒன்றுமில்லை என்று
கைக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

பத்தொன்பது நாள்.

இந்தக் கடவையில்தான் பிடிப்பேன்.
லோண்டரி வேலை முடிந்து வரும் வழியில்,
ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளின் சூடு
விரல்களில் மிச்சமிருக்க,
கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கி,
ஒரு ரயிலுக்கு ஒன்று.
நீளமான ரயில் என்றால் ஒன்றரை.

ஆறு வருடம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.
தோடம்பழத் தோலை விரலில் தேய்த்து,
பெப்பர்மின்ட் இரண்டு கடித்து,
நேரே அடுப்படிக்குப் போய் வெங்காயம் வெட்டுவேன்.
நடுச்சாமத்தில் ஏன் வெங்காயம் என்று
குகதாசன் ஒருநாளும் கேட்டதில்லை.
எங்கள் வீட்டுக் கறியெல்லாம்
முந்தின இரவே வெந்தது அப்படித்தான்.

ஒளித்துப் பிடித்ததை
ஒளித்துத்தான் விடவேண்டியிருக்கிறது.
குகதாசனின் தமையன் குடியை விட்டபோது
கேக் வெட்டினார்கள், அர்ச்சனை செய்தார்கள்.
எனக்கு யார் கேக் வெட்டுவது,
எதை விட்டேன் என்று சொல்லி?

சின்னவன் கரண்டியைப் போட்ட சத்தத்துக்கு
நான் போட்ட கத்தலில்
பூனை இரண்டு நாள் கட்டிலுக்கடியில்.
அம்மாவுக்கு மாதவிடாய் நிற்கிற வயது என்று
மகள் போனில் தேடித் தம்பிக்கு விளக்கினாள்.
நானும் தலையாட்டினேன்.
ஒரு பொய்யை விட
இன்னொன்றைப் பிடிக்கவேண்டியிருந்தது.

ரோவேனாவுக்கு மட்டும் தெரியும்.
முதல் நெருப்பே அவளுடைய லைட்டர்தான்.
"மூன்று நிமிடம்தான் அந்த ஆசை, எண்ணு" என்றாள்,
தன்னுடையதைப் பற்றவைத்துக்கொண்டே.
புகை என்மேல் படாமல்
காற்றுப் பார்த்து மாறி நின்றாள்.
வெட்கமில்லாமல்
நானும் அந்தப் பக்கம் மாறி நின்றேன்.

ஆகவே எண்ணுகிறேன்.
பதினேழு, பதினெட்டு, கோதுமைப் பெட்டிகள்.
பொட்டாஷ். எண்ணெய் உருளைகள்.
சீன எழுத்துக் கொள்கலன்கள் ஒன்றன்மேல் ஒன்று.
நாற்பதில் நாக்கடியில் ஊறுகிறது.
ஐம்பத்தைந்தில் அது பேசத் தொடங்குகிறது,
என் குரலிலேயே, என் ஊர்த் தமிழிலேயே:
ஒண்டே ஒண்டுதானே,
ஆருக்குத் தெரியப்போகுது?

அதுதான் சிக்கல்.
பிடித்தாலும் தெரியாது,
பிடிக்காவிட்டாலும் தெரியாது.

அறுபதுகளில் எண்ணிக்கை தவறுகிறது.
முன்னால் நிற்கும் பிக்கப்பில்
ஒரு சிவப்புப் பொட்டு ஏறி இறங்குகிறது.
இறங்கிப்போய்க் கண்ணாடியில் தட்டினால் தருவான்.
இந்தக் குளிரில் ஒன்று கேட்டால்
இல்லையென்று சொல்பவர்கள் குறைவு.

கராம்பு டப்பாவைத் திறக்கிறேன்.
ஒன்றைக் கடைவாயில் வைக்கிறேன்.
உறைப்பு, பழைய பல்வலியின் ஞாபகம். போதாது.
இன்னொன்று.

நேற்று இதற்குள் நாலோ ஐந்தோதான் இருந்தது.
இப்போது மூடி மூடாத அளவுக்கு நிறைந்திருக்கிறது.
மத்தியானம் எனக்காகக் காரைச் சூடாக்கிவிட்டு வந்தவன்
குகதாசன்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொதிக்கு உப்புக் கூட என்றான், அவ்வளவுதான்.

எனக்குத் திடீரென்று
ஆறு வருட வெங்காயத்தின்மேல் கோபம் வருகிறது.

நூற்றுப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.
கம்பு எழும்புகிறது.
பிக்கப்பின் ஜன்னலால் எறிந்த துண்டு
பனியில் விழுந்து ஒரு கணம் சிவக்கிறது.
பின்னால் யாரோ ஹோர்ன் அடிக்கிறார்கள்.

ரயில் போய்விட்டது. அது போகவில்லை.
தண்டவாளத்தின்மேல் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டே
எண்ணுகிறேன்:
நூற்றுப் பதின்மூன்று.