பாதி விலை நண்டு

சென்னையில் அந்த மேடைக்கு மூன்று படி.
நான்கு பேர் நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள்.
முதல் கைதட்டல் அவர்களுக்குத்தான் விழுந்தது.
இறக்கி வைத்ததும் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்:
"எங்க தங்கச்சிமடத்துல மாதாவைத்தான் இப்படித் தூக்குவாங்க,
வருசத்துக்கு ஒரு தடவை.
எனக்குக் காலையிலேருந்து இது மூணாவது சப்பரம்.
அதுல ரெண்டு, பாத்ரூமுக்கு."

சிரித்தார்கள்,
பக்கத்து ஆள் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டு.
கச்சான் அடிக்கும் நாளில் கடலில் இறங்குகிறவன்
முழங்கால் வரை வந்து நிற்பதைப் போல ஒரு சிரிப்பு.

"நான் மண்டபத்துல, நண்டு கம்பெனியில தரம் பிரிக்கிறவ.
கால் ஒடிஞ்ச நண்டுக்குப் பாதி விலை.
அதை நோட்டுல எழுதுறது யாரு? நான்.
போன தை மாசம் என்னையப் பொண்ணு பார்க்க வந்தாங்க.
காலைப் பார்த்தாங்க. தொகையைச் சொன்னாங்க.
இது என்ன கணக்குன்னு சொல்லுங்க:
கால் போன நண்டுன்னா வாங்குறவன் குறைச்சுக் குடுக்குறான்.
கால் போன பொண்ணுன்னா வாங்குறவன் கூடக் கேக்குறான்!"

மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி
மடிந்து விழுந்தாள், பக்கத்துப் பெண்ணின் தோளில் அடித்தாள்,
முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.
ராத்திரி ரயிலில் ஊர் வரை
அவளைத்தான் சுமந்துகொண்டு வந்தேன்.

(இடையில் ஒரு பையன் வந்தான், காதில் வயரோடு.
"அக்கா, அந்த விபத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை…"
விபத்தெல்லாம் இல்லை தம்பி, பிறந்ததே இப்படி.
"சரிக்கா, அதையே கொஞ்சம் கலங்கிச் சொன்னீங்கன்னா…")

ஞாயிறு ஒன்பது மணி.
வீட்டுக்குள் இருபது பேர், வாசலில் செருப்புக் குவியல்.
'தன்னம்பிக்கைச் சிகரம் ஜெனோவா' என்று எழுத்து ஓடியது.
சப்பரம் இல்லை.
நண்டு இல்லை, தை மாசமும் இல்லை.
நான்கு பேர் என்னைத் தூக்கியது இருந்தது,
மெதுவாக, இரண்டு தடவை.
அடியில் ஒரு வயலின்.
பிறகு பச்சைச் சேலை, கண்ணைத் துடைக்கும் முந்தானை.

அம்மா அழுதாள். ஃபெபியோலா சித்தி மூக்கைச் சிந்தினாள்.
பொய் சொல்வானேன், எனக்கே தொண்டை அடைத்தது.
அவ்வளவு நல்ல வயலின்.

சன்னலோரம் சகாயராஜ் மட்டும் சிரித்தான்.
வலைக்குச் சிக்கெடுக்கிறவன்,
பிறவியிலிருந்தே காது கேட்காது.
தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.
அம்மா முறைத்தாள்.
அவன் டிவியைக் காட்டினான்,
வயிற்றைப் பிடித்துக் குலுங்கிக் காட்டினான்,
எங்களைப் பார்த்துக் கையை விரித்தான்:
உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?

விளம்பரம் முடிந்து அதே காட்சியை மறுபடி போட்டார்கள்.
தம்பி வியானி சத்தத்தை அணைத்தான்.

வயலின் போனது.
ஒரு பொம்பளை. பல்லெல்லாம் தெரிகிறது.
தோள் குலுங்குகிறது. பக்கத்தில் இருப்பவளுக்கு அடி விழுகிறது.

"அப்படி என்னத்தம்மா சொன்ன,
அவ இந்தக் கெக்கலி கெக்கலிக்கிறா?"
கேட்டது அப்பா.
சொன்னேன். நண்டு, நோட்டு, தை மாசம், தொகை,
ஒரு வார்த்தை விடாமல்.

அப்பா உடனே சிரிக்கவில்லை.
பீடியைத் தேடினார். இல்லாத பையில் தேடினார்.
"அவனுங்க கேட்டதுல
உன்கிட்ட நான் பாதிதான் சொன்னேன்" என்றார்.

இருபது பேரும்
பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

சகாயராஜ் என் கையை இழுத்தான். என்ன? என்னவாம்?
இரு, சொல்கிறேன்.
பத்து விரலிலும் ஒரு நண்டு செய்தேன்.
ஒன்றை மடக்கினேன்.