கொருக்குப்பேட்டை கேட்

சூரியன் படம் காட்டினால் ராத்திரி என்று சொல்லணும்.
நிலா காட்டினால் பகல்.
இவ்வளவுதான் விளையாட்டு.
எட்டு வாரமாய் இந்த அங்கன்வாடியில் இதுதான் என் வேலை:
பதினாறு அட்டை, ஒரு ஸ்டாப்வாட்ச்,
உப்புத்தண்ணீரில் நனைத்த வலைத்தொப்பி.

மூன்று வயதுக்காரர்களுக்கு வாய் முந்திக்கொள்கிறது.
"பகல்!" என்று கத்திவிட்டு
என் முகத்தைப் பார்த்த பிறகுதான்
ஏமாந்தது தெரிகிறது.

கெசியாவுக்கு நாலரை.
சூரியனைப் பார்த்தாள்.
'ப'வுக்காக மூடிய உதடு
மூடியபடியே நின்றது.
ஒரு நொடி. ஒன்றரை.
"ரா... ராத்திரி."

லேப்டாப்பில் அவள் நெற்றிக்குரிய கோடு
மெல்ல எழுந்து வளைந்தது.
பார்க்கிற இடம், ஓடுகிற இடமெல்லாம்
மூளையில் சீக்கிரம் குடிவந்துவிடுமாம்.
நிறுத்துகிற இடத்துக்கு மட்டும்
இருபது தாண்டியும் பூச்சுவேலை முடியாது,
மெட்ரோ வேலை மாதிரி
தகரத் தடுப்புக்குப் பின்னால்
நடந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது கடலைமிட்டாய்.
நான் திரும்பி வரும்வரை தொடக்கூடாது.
கதவிடுக்கில் நின்று பார்த்தேன்.
வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.
"சும்மா இரு. கையே, சும்மா இரு.
அக்கா வரட்டும்."

யார் குரல் அது?
தண்ணி லாரி வரிசையில்
குடத்துக்கும் குடத்துக்கும் நடுவே
அம்மா அதட்டுகிற குரலை
அவள் அளவுக்குப் பிடித்துத் தைத்தது போல.
இன்னும் ரெண்டு வருஷத்தில்
உதடு அசையாமல் உள்ளே போய்விடும்.
அப்புறம் அவளுக்கு மட்டும்தான் கேட்கும்.

நாலு நிமிஷம் பதினோரு நொடி என்று எழுதினேன்.
குரலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
நேற்று யோவான்,
நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள்
வாயில் போட்டுக்கொண்டான்.
வீட்டில் மூன்று அண்ணன்கள்.
வைத்துவிட்டுப் போன எதுவும்
திரும்பி வரும்போது இருந்ததில்லை அவனுக்கு.
அதற்கும் கட்டம் இல்லை.

சாயங்காலம் கேட் மூடியிருந்தது.
டேங்கர், டேங்கர், இன்னொரு டேங்கர்.
பைக்கைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைகிறார்கள்
பூச்சுவேலை என்றைக்கோ முடிந்த நெற்றிக்காரர்கள்.
என் போனில் பிரிட்டோவின் செய்தி.
பதில், நாலு வரி, அடித்தாகிவிட்டது;
கட்டைவிரல் மட்டும் பாக்கி.

ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்தவர்
திரும்பிப் பார்த்தார்,
தொடைக்கு அடியில் போன என் கையை,
பிறகு என்னை.
சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல.