கடலாசு வரப்பிடாது

மீனாட்சிபுரம் சோதனைச்சாவடி.
ஓணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
பால் டேங்கர்கள் ரயில் கேட் வரை நிற்கின்றன.
பஞ்சர் கடை மாடியில் என் லேப்டாப்,
கீழே ஆய்வகம், ஆய்வகத்தில் ஷைனி,
ஷைனியின் கையில் சோதனைக் குழாய்.
நானும் சோதனைதான் எழுதுகிறேன்,
ஜாவாஸ்கிரிப்டில்,
மாதச் சம்பளத்துக்கு.

எட்டு மாதமாக எல்லாம் பச்சை.
நூற்றுப் பதினான்கு வாக்கியங்கள்,
ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு டிக்.
'பால் நல்லதாக இருந்தால்
சீட்டு அச்சாக வேண்டும்.'
பச்சை.
'வண்டி எண்ணில் இடைவெளி விழுந்தாலும்
சீட்டு அச்சாக வேண்டும்.'
பச்சை.
மேனேஜருக்குப் பச்சை பிடிக்கும்.
எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

இரவு பதினொன்றே முக்காலுக்கு
ஷைனி படியேறி வந்தாள், செருப்பில்லாமல்.
ஒரு கையில் குழாய், மறு கையில் சீட்டு.
"மருந்து இன்னும் ஒழிக்கவேயில்ல.
அதுக்குள்ள பாஸுன்னு வந்திருக்கு.
ஜோசியம் ஆருக்குத் தெரியும்,
எனக்கா உங்க மெஷினுக்கா?"
(ஒழிப்பது என்றால் இங்கே ஊற்றுவது.
வந்த புதிதில் நான் பயந்திருக்கிறேன்.)

போன வியாழன் நான் அழகுபடுத்திய வரி அது.
ஆய்வக முடிவைக் கேட்கும் இடத்தில்
அவெய்ட் விட்டுப்போயிருந்தது.
காத்திரு என்று யாரும் சொல்லவில்லை,
நிரலும் காத்திருக்கவில்லை.
முடிவு வரவேண்டிய இடத்தில்
ஒரு ப்ராமிஸ் வந்து உட்கார்ந்திருந்தது,
வெறும் வாக்கு.
இந்த மொழியில் வாக்கு
நிறைவேறும் முன்பே உண்மைக் கணக்கில் சேரும்.
'உண்மையா?' என்றது என் வரி.
'ஆமாம்' என்றது வாக்கு.
பிரிண்டர் துப்பிவிட்டது.

என் நூற்றுப் பதினான்கும்
நல்ல பாலையே குடித்து வளர்ந்த பிள்ளைகள்.

வியாழனிலிருந்து எத்தனை வண்டி?
முப்பத்தேழு.
ஷைனி நோட்டைக் கொண்டுவந்து விரித்தாள்.
முப்பத்தேழுக்கும் கையெழுத்தில் நேரம்,
அவள் கண்ணால் பார்த்தபின் விழுந்த முத்திரை.
சீட்டை அவள் நம்பியதே இல்லையாம்.
எனக்கு மூச்சு வந்தது,
கொஞ்சம் கோபமும்.

"நீங்களே சொல்லுங்க ஷைனி, என்ன ஆகக் கூடாது?"
"கெட்ட பாலு வந்தா கடலாசு வரப்பிடாது."
அப்படியே அடித்தேன், ஓர் எழுத்து திருத்தாமல்.
ஓட்டினேன்.
சிவப்பு.

"அய்யோ" என்பாள் என்று நினைத்தேன்.
"அது சரி" என்றாள்.
"காலையில வந்ததும் நான்தான்
ஒரு குழாய்ப் பாலுல சோடா கலக்குவேன்.
ரோஸ் நெறம் வரணும்.
வரலைன்னா பாலு நல்லதுன்னு இல்ல,
மருந்து செத்துப் போச்சுன்னு அர்த்தம்."

எட்டு மாதம்
செத்த மருந்தை ஒழித்துக்கொண்டிருந்தேன்.

அவெய்ட் எழுதினேன். பச்சை.
இந்தப் பச்சைக்கு வேறு வாசனை.
அப்புறம்தான் கவனித்தேன்:
தமிழில் வேண்டுமும் கூடாதும்
கடைசியில்தான் வருகின்றன.
பால், வண்டி, சீட்டு எல்லாம் வரிசையில் நிற்க
வாக்கியம் மூச்சைப் பிடித்தபடி
வினைச்சொல்லுக்குக் காத்திருக்கிறது.
அதில் பேசித் திரிகிற நான்
காத்திருக்க மறந்தேன்.

கீழே ஹாரன்.
வேட்டைக்காரன்புதூர் கிட்டுச்சாமி
ஜன்னலுக்கு வெளியே அரை உடம்பு:
"நேத்து வரைக்கும் டக்குனு வந்துச்சே!
எந்த மகராசன் கை வெச்சான்?"
விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்துகொண்டேன்.

திரையில் ஒரு வாக்கியம் இன்னும் பாதியில்:
'பாதி அச்சில் கரண்ட் போனால்'
என்று நிற்கிறது.
ஷைனியைக் கேட்க வேண்டும்.